கிணற்றடியில் எண்பத்து மூன்று

வட்டு தரையில் இடிக்கக் கூடாது, தரையை விட்டு ரொம்ப உயரவும் கூடாது, இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும் என்று சலாம் பாய் சொன்னார். யாருடைய விரல் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, காலை ஏழேகால் மணிக்கு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் வீட்டுப் புறக்கடையில் முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இந்த மெட்டல் டிடெக்டரோடு நிற்கிறபோது. ஒரு நீளக் கம்பி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டு, கைப்பிடிக்கு மேலே எண் காட்டுகிற சின்னத் திரை, அதிலிருந்து ஒரு ஒயர் என் காதுக்கு. கூட்டிப் பெருக்குகிற மாதிரி ஆட்டுங்க அக்கா, முன்னால போன வீச்சு மேலயே பாதி ஏறி அடுத்த வீச்சு வரோணும் என்றார். பெருக்குவது எனக்குத் தெரியாதா, முப்பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டைப் பெருக்குகிறேன், ஆனால் சீமாறு ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை. இது கத்துகிறது. முருங்கை வேருக்குக் கத்துகிறது, வேருக்கா, வேருக்குப் பக்கத்தில் இருக்கிற எதற்கோ, பிறகு நான் அசையாமல் நின்றாலும் ஒரு தடவை கத்துகிறது. ஒரு காதில்தான் ஹெட்போனை மாட்டியிருக்கிறேன். இன்னொரு காதை என் வீட்டுக்காரருக்காகத் திறந்து வைத்திருக்கிறேன். அவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறார், நான் சரி பண்ணவில்லை, பண்ணினால் கோபம் வரும். “கிழக்கு மூலைக் கல்லுல இருந்து பதினொண்ணு புள்ளி நாலு மீட்டர், அம்மிணி. அங்கிருந்து வலது கைப்பக்கம் ரெண்டு புள்ளி ஆறு.” முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவர். குரலில் இன்னமும் ஒரு தடுமாற்றம் கிடையாது. கால் மணி நேரத்துக்கு முன்னால் ஒன்பது புள்ளி ஏழு என்றார், அதையும் இதே குரலில்தான் சொன்னார். ஒரு காதில் மிஷின் எண் சொல்கிறது, ஒரு காதில் சென்னியப்பன் எண் சொல்கிறார். எதை நம்பிக் கடப்பாரையை எடுப்பது.

எடுத்தேன். முதல் குழியில் சோடா மூடி. இரண்டாவதில் வளைந்த ஆணி. மூன்றாவதில் மாத்திரை அட்டையின் வெள்ளி உறை, அவருடைய மாத்திரைதான், பிரிக்காத மாத்திரை இரண்டு உள்ளேயே உப்பிப்போய் இருந்தன. அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். முழுங்கிட்டேன் முழுங்கிட்டேன் என்று வாயைத் திறந்து காட்டுவாரே, அப்போது எத்தனை நாள் இங்கே வந்து புதைத்தார். அப்படியென்றால் மண்ணுக்குள் பொருளை வைக்கிற பழக்கம் இருக்கிறது, அது நல்லதுதான், இல்லை, நல்லது என்று எப்படிச் சொல்வது, மாத்திரை சாப்பிடவில்லை என்பது நல்லதா. சலாம் பாய் முதலிலேயே சொன்னார், அலுமினிய உறையும் காசும் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்கும் அக்கா, ஏமாத்தும், பொறுமையாத்தான் இருக்கோணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிற கடை அவருடையது, இவருக்கு இருபது வருஷப் பழக்கம். நான் போய் நின்றதும் எல்லாவற்றிலும் ஆழமாகப் பார்க்கிற மிஷின் எது என்று கேட்டேன். நான் என்ன கண்டேன், ஆழம் அதிகம் என்றால் நல்லது என்று நினைத்தேன். போனில் பார்த்த வீடியோவில் ஒருத்தன் இரண்டு பக்கமும் பெட்டி வைத்த மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தான், ஆறடி ஆழம் பார்க்கும் என்றான். சலாம் பாய் சிரிக்காமல் சொன்னார், “அது அண்டா தேடறவங்களுக்குங்க அக்கா. ஆழமாப் பாக்கறதெல்லாம் சின்னதைப் பாக்காது. உங்களுக்கு வேணும்ங்கறது காசு.” இன்னொன்று இருந்தது, விலை குறைவு, முள் மட்டும் ஆடும், இரும்பா செம்பா என்று சொல்லாது, அது வேண்டாம், புறக்கடை பூராவும் தோண்ட வேண்டியிருக்கும் என்றார். எண் காட்டுகிற இதைத் தன்னுடைய அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். பத்து நாள் வெச்சிருங்க என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் உறுத்துகிறது. ஏனென்றால் தை மாசம் அதே கடைக்குப் போய், யாராவது எங்க வீட்டுக் காசைக் கொண்டுவந்து வித்தாங்களா என்று நான் கேட்டிருக்கிறேன். கண்ணாடி போட்ட ஆள், முப்பத்தஞ்சு வயசிருக்கும், என்றுகூடச் சொன்னேன். என் மருமகனுடைய அடையாளத்தை என் வாயாலேயே சொன்னேன். அப்படி யாரும் வரலைங்க அக்கா என்று சொல்லிவிட்டு அவர் டீ வாங்கிவரப் போனார்.

இரும்பை ஒதுக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் ஆணிக்கும் மூடிக்கும் கத்தாது. அழுத்தினேன், அமைதியாகிவிட்டது, ரொம்ப அமைதியாகிவிட்டது, அது வேலை செய்கிறதா செத்துவிட்டதா என்று பயம் வந்து என் வளையலைக் கொண்டுபோய்க் காட்டினேன், கத்தியது. சரி. ஆனால் ஆணிக்குப் பக்கத்திலேயே காசு கிடந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது அழுத்துவதா வேண்டாமா. அழுத்தினால் காசு தப்பலாம், அழுத்தாவிட்டால் நான் சாயங்காலம் வரைக்கும் ஆணி பொறுக்கலாம். எடுத்துவிட்டேன். மறுபடியும் அழுத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மரகதம் எட்டிப் பார்த்து, “என்னக்கா, புதையலுங்களா?” என்றாள். “தண்ணிக் குழாய் எங்க போகுதுன்னு பாக்கறேன்” என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். அவள் போகவில்லை, ஒரு துண்டை மூன்று தடவை உதறினாள். அவர் நாற்காலியிலிருந்தே, “தண்ணிக் குழாய் மேற்கே, ஒண்ணு புள்ளி ரெண்டு” என்றார். அது உண்மை. குழாய் அங்கேதான் போகிறது. எதெது நிற்கிறது, எதெது போய்விட்டது என்று ஒரு வரிசையும் இல்லை. குழாய் நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை. தாசில்தார் பேர் இருக்கிறது, மகள் யமுனா குழந்தையாக இருந்தபோது மணல்வாரி அம்மை வந்தது இருக்கிறது, அவளுக்குக் கல்யாணமானது சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

பிஸ்கட் டப்பா. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. அதில்தான் வைத்திருந்தார், சர்வீஸில் ஊர் ஊராகப் போனபோது சேர்ந்ததெல்லாம், ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, ஆற்று மணலில் கிடைத்த பச்சை பிடித்த செப்புக் காசு. அதை ஆறுமாதத்துக்கு ஒருதரம் எடுத்து வேட்டியில் பரப்பி, துடைக்காமல், துடைக்கக் கூடாதாம், சும்மா பார்த்துவிட்டு வைப்பார். பொங்கலுக்கு யமுனாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கிருபாகரன் ஈரோட்டில் பல் கட்டுகிற லேப்பில் வேலை. ஒரு பல்லை ராவி ராவி வாய்க்குள் பொருந்த வைக்கிற கை, எதையும் மெதுவாகத்தான் தொடும். இவர்தான் கூப்பிட்டார், மாப்பிள்ளை இதையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சிருங்க, எனக்கு அப்பப்ப மறக்குது என்று. அவர் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் எடுத்தார், பகல் பூரா. அது பொங்கலன்றைக்கு. மூன்றாம் நாள் காலையில் டப்பா அலமாரியில் இருந்த இடத்தில் இருந்தது, மூடி மூடியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இவர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். “கடைசியாத் தொட்டது நீங்கதானுங்களே?” அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏதோ கோபம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அன்றைக்கு அவருக்கு மறதி நோய் என்று யாருக்கும் தெரியாது, சர்வே ஆபீஸில் பேசுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டார். மாப்பிள்ளை முகம், அதை இப்போது நினைக்க வேண்டாம், வலம், இடம், இரண்டு விரல். நான் என்ன செய்தேன். மாப்பிள்ளை குளிக்கப் போனபோது, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே, நான் அவருடைய பையைத் திறந்தேன். சட்டை, லுங்கி, யமுனாவுடைய ஒரு புடவை ஊசி, சார்ஜர். எல்லாவற்றையும் எடுத்து உதறிப் பார்த்து மறுபடியும் வைத்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றதும் சந்தோஷப்பட்டேனா. இல்லை. வேறே எங்கே வைத்திருப்பார் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். ஏழு மாசம். யமுனா வாரத்துக்கு ஒருதரம் போன் பண்ணி, நல்லாயிருக்கியாம்மா, நல்லாயிருக்கேன், சரி வெச்சிரட்டா என்பாள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் நான் இவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, “மண்ணுக்குள்ள பத்திரமா இருக்குது அம்மிணி” என்றார். எதுங்க என்றேன். சோப்பு கண்ணில் பட்டு எரிகிறது என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மிஷின், இந்தக் கடப்பாரை, மரகதத்திடம் பொய். மண்ணுக்குள்ளே என்று அவர் சொன்னது காசைத்தானா. அவருடைய அப்பாவை அடக்கம் பண்ணியதைச் சொல்லியிருக்கலாம். வாழைக்கிழங்கைச் சொல்லியிருக்கலாம். நான்தான் காசு என்று பிடித்துக்கொண்டேனா, எனக்குத் தேவைப்பட்டது என்பதால். இன்னொன்றும் இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்று நாளில் ஒருநாள் நானே டப்பாவிலிருந்து காசை எடுத்து எங்கேயாவது பத்திரம் பண்ணி வைத்தேனோ என்று சில சமயம் தோன்றும். வீடு நிறைய ஆள் இருந்தது, எடுத்து வைத்திருக்கலாம்தான். வைத்த மாதிரி கைக்கு ஒரு ஞாபகம்கூட வருகிறது, அரிசி டிரம்முக்குள், டிரம்மை மூன்று தடவை கொட்டிப் பார்த்துவிட்டேன். தினமும் இவருடன் இருந்து இருந்து, இது தொற்றுகிற வியாதியா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்று போய்க் கேட்காமல் வந்தேன். வட்டு இப்போது கிணற்றுப் பக்கம் வந்துவிட்டது. இங்கே அவர் சொல்லவில்லை. பதினொன்று புள்ளி நாலிலும் ஒன்பது புள்ளி ஏழிலும் இது இல்லை, கால் தானாக வந்தது, நிழலுக்காக. கத்தியது. ஆணியின் கரகரப்பு இல்லை, மாத்திரை உறையின் இழுப்பும் இல்லை, சின்ன மணியை ஒரே ஒருதரம் தட்டினது மாதிரி. திரையில் எண்பத்து மூன்று. வலமிருந்து போனால் எண்பத்து மூன்று. இடமிருந்து வந்தால் எண்பத்து மூன்று. ரெண்டு பக்கமும் ஒரே எண் காட்டினாத்தான் தோண்டுங்க அக்கா என்று சலாம் பாய் சொல்லியிருந்தார். குறுக்காகவும் ஒரு வீச்சு. எண்பத்து மூன்று.

கடப்பாரை வேண்டாம், காசில் பட்டுவிடும், கொத்துக்கரண்டியால் ஓரமாகக் கீறி மண்ணை ஒரு பாளமாகத் தூக்கினேன். நேற்றுப் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. ஒரு சாண் ஆழம். முதலில் கரி வந்தது, விறகுக் கரி, நாலைந்து துண்டு. இதெதற்கு என்று தள்ளினேன். கரிக்குக் கீழே ஒரு ஓட்டுத் துண்டு, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு காசு, தோசை அடுக்கின மாதிரி. மேலே இருந்தது ராஜா தலை. உள்ளங்கையில் வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை எடுக்கவில்லை. இது தெரிந்ததும் முதலில் வரவேண்டியது வேறே ஏதோ, அழுகையோ என்னவோ, ஆனால் எனக்கு வந்தது, மீதி எங்கே. டப்பாவில் இருந்ததில் இது கொஞ்சம்தான். ஒரே குழியில் எல்லாவற்றையும் போடாமல் ஆறு மட்டும் எதற்கு. ஓட்டுத் துண்டு எதற்கு. கரி எதற்கு. திரும்பிப் பார்த்தேன், அவர் வேப்பம்பழம் ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். இதைக் காட்டலாமா. காட்டினால் என்ன சொல்வார், கடைசியாத் தொட்டது நீதானே என்றால். காசை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் எழுந்தேன். அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு முருங்கைக்குக் கொஞ்சம் தள்ளி, நான் முன்னாலேயே போய்விட்டு வந்த இடத்தில், எண்பத்தொன்று. பொத்தான் அழுத்தியிருந்தபோது தப்பியதோ, வீச்சு மேல் வீச்சு ஏறாமல் விட்டேனோ தெரியவில்லை. ஒரு சாண். கரி. ஓடு. ஆறு காசு.

கரி என்றதும் ஏதோ இடறுகிறது. சொல்லியிருக்கிறார். எங்கேயோ, குளித்தலைப் பக்கம் அவருக்கு வேலை இருந்தபோது, லீவுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறார். எல்லைக் கல்லை நட்டுட்டு வந்தா மறுநாளே ஒருத்தன் நகத்திடறான் சௌந்திரம், அதனால நான் கல்லுக்கு அடியில கரியைப் போட்டு நடுவேன், கல்லைப் பிடுங்கினாலும் கரி மக்காது, பத்து வருஷம் கழிச்சுத் தோண்டினாலும் இதுதான் எல்லைன்னு சொல்லும். எல்லை. இது எல்லையா. எந்த எல்லை, நம்முடைய இடத்துக்கு நடுவில் என்ன எல்லை, எல்லை என்றால் மதில் ஓரமல்லவா இருக்கவேண்டும். துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்தேன். கிணற்றடிக் குழியில் ஒரு குச்சியை நட்டு அதில் கட்டி, முருங்கைக் குழிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எதற்கு இழுக்கிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை, இரண்டு புள்ளி இருந்தால் இழுக்கத்தானே தோன்றும். கயிறு நடுவில் புல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து வந்தார், செருப்பில்லாமல், வேகமாக, இந்த வருஷத்தில் அவர் அப்படி நடந்து நான் பார்க்கவில்லை. என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்தார். “தொய்வு இருக்கக் கூடாது. தொய்வு இருந்தா ஒருத்தன் வாயில மண்ணுதான்.” ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் வழியாகப் பார்த்தார். “அங்கே தோண்டு” என்று மதில் பக்கம் கையைக் காட்டினார். மீட்டர் சொல்லவில்லை. மிஷினைக்கூட எடுக்காமல் போய், கயிறு போகிற வழியிலேயே மதிலுக்கு இரண்டடி முன்னால் தோண்டினேன். கரி இருந்தது.

“என்னங்க இது?” என்றேன். “உட்பிரிவு. இடத்தை ரெண்டாப் பிரிக்கறது” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. “யாருக்குங்க உட்பிரிவு?” “பாப்பாவுக்கு. மாப்பிள்ளை பேரையும் சேத்துப் போடோணும். வாடகை வீட்ல எத்தனை நாளைக்கு இருப்பாங்க. கிணறு ரெண்டு பேருக்கும் பொது. பொழுது விடிஞ்சதும் சொல்லலாம்னு இருக்கறேன், நீ வாயைத் திறந்துறாத.” எந்தப் பொழுது விடிந்ததும். அவர் எந்த நாளில் நின்றுகொண்டு பேசுகிறார். மாட்டுப் பொங்கலன்றைக்கு விடிகாலையில் கடப்பாரையோடு இங்கே நின்றார், வாழைக்கன்று வைக்கப்போகிறேன் என்றார், வாசலில் பொங்கல் வைத்த அடுப்பின் கரி அள்ளாமல் கிடந்தது, அதைத்தான் எடுத்திருப்பார். அப்படியானால் இடம் கொடுப்பதற்காகக் கல்லுக்குப் பதில் காசைப் புதைத்துவிட்டு, ஒரு ராத்திரியில் அது அவருக்குள்ளிருந்து அழிந்து, மறுநாள் டப்பாவைக் கவிழ்த்து, கொடுக்கவேண்டிய ஆளிடமே கேட்டாரா. அல்லது இதெல்லாம் நான் கோப்பதா. வெந்நீர் அடுப்பிலும் விறகுக் கரிதான். அவர்கள் போன பிறகு ஒருநாள் புதைத்தாரோ, பயந்து, ஒளித்து, இப்போது நான் கயிறு இழுத்ததைப் பார்த்ததும் பழைய வேலை ஞாபகத்தில் ஒரு உட்பிரிவை இட்டுக்கட்டிச் சொல்கிறாரோ. காலையிலிருந்து இதே குரலில்தானே பதினொன்று புள்ளி நாலு என்றார். ஆனால் டப்பா காலியாக இருந்தது அவர்கள் போவதற்கு முன்னால். அதுவரை சரி. அது நிச்சயம். அது ஒன்றைப் பிடித்துக்கொள், சௌந்திரம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளை எங்கே, எழுந்திரிச்சாச்சா? காப்பி குடுத்தியா?” “அவர் வர்றதில்லைங்க. நீங்கதான் அவரைக் கேட்டீங்க, காசு எங்கேன்னு.” “நானா?” என்றார். “நான் எதுக்கு அவரைக் கேக்கறேன்?” கயிற்றை விடவில்லை. நான் பதில் சொல்லப் போனேன், வேண்டாமென்று விட்டேன். நீங்கள் கேட்டீர்கள், நான் பையைப் பிரித்தேன். உங்களுக்கு மறந்துபோனதில் உங்களுக்கு விடுதலை, எனக்கு எதில்.

கையைக் கழுவவில்லை. கழுவினால் போன் பண்ணமாட்டேன் என்று தெரியும், கழுவிவிட்டுச் சமையலைப் பார்ப்பேன், சமைத்துவிட்டுச் சாயங்காலம் பார்க்கலாம் என்பேன். யமுனாவுக்குப் பண்ணுவதா மாப்பிள்ளைக்கா. யமுனாவுக்குச் சொன்னால் அவள் சொல்லிக்கொள்வாள், அது சுலபம். அதனால்தான் அவருடைய எண்ணை அழுத்தினேன், திரையெல்லாம் மண். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் பல் ராவுகிற மிஷின் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. “அத்தை? மாமாவுக்கு ஏதாச்சுங்களா?” ஏழு மாசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. நான் நினைத்துவைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. “காசு கிடைச்சிருச்சுங்க மாப்பிள்ளை. பொறக்கடையில. மாமாதான் வெச்சிருக்கறாரு. உங்களுக்கு இடம் பிரிச்சு, எல்லைக்கு.” என்ன உளறுகிறேன், எல்லைக்கு என்றால் அவருக்கு என்ன புரியும். ராவுகிற சத்தம் நின்றது. நான் பேசிவிட்டேன், நிறுத்தினால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றி, “அன்னிக்கு நீங்க குளிக்கறப்ப உங்க பையைப் பிரிச்சுப் பாத்தேனுங்க. நான்.” “தெரியுங்க அத்தை.” “எப்படிங்க?” “நான் சட்டையைச் சுருட்டித்தான் வெப்பேன். ஊருக்கு வந்து பாத்தா நாலா மடிச்சிருந்துது. நீங்க மடிக்கிற மடிப்பு.” வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்துகிறது. “யமுனாகிட்டச் சொல்லலைங்க” என்றார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் வாராவாரம் கூப்பிட்டு நல்லாயிருக்கியாம்மா என்று கேட்டிருக்கமாட்டாள். ஏழு மாசமாக என் மகளை எனக்கு மிச்சம் வைத்திருந்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை. “ஒருக்கா வாங்க” என்றேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “மாமாகிட்டக் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன், முழங்காலில் மண். “யாருங்க?” என்றார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டதோ. “எந்தக் கிருபாகரன்?” நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவருடைய குரல் மாறியது, ஆபீஸ் குரல், வெயிலில் நிற்கிற பட்டாதாரரை நாற்காலியில் உட்காரச் சொல்வாரே, அந்தக் குரல். “ஆமாங்க, உங்க இடம் அளந்தாச்சு. ஒரு கோணல் கிடையாது. நீங்க நேர்ல வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடோணும். நீங்க வராம நான் முடிக்க மாட்டேன்.” கேட்டார். தலையை ஆட்டினார். “சரிங்க... சரி... அதுக்கென்னங்க, மனுசன்னா மறதி இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லி, ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தார். போனை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்துவிட்டிருந்தார். “என்னங்க சொன்னாரு, வர்றாரா?” என்றேன். “யாரு?” என்றார்.

திரும்பக் கூப்பிட விரல் போயிற்று, கூப்பிடவில்லை. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, சொன்னவருக்குத் தெரியும், போதும், போதுமா, தெரியவில்லை. முந்தானையை அவிழ்த்தேன். ஆறு ஆறாக அடுக்கி, ஓட்டின்மேல் வைத்து, கரியைப் போட்டு, கிணற்றடிக் குழியை மூட ஆரம்பித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோனால் அது வெறும் காசு. “நல்லா மிதி” என்றார் அவர், கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து. மிதித்தேன்.